வாவியின் இசையும் கேட்போர் உள்ளமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சமயமும் கவிதையும் உள்ளத்தைச் சார்ந்தவை, விஞ்ஞானமோ கண்ணையும் காதையும் மட்டுமே சார்ந்தது என்றோர் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. விஞ்ஞானி தன் விருப்பு வெறுப்புகளை ஆய்வுகூடத்தின் வாயிலிலே செருப்பைக் கழற்றுவதுபோலக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆயின், நம் பாடசாலை ஆய்வுகூடங்களிலே ஊசலைக் கட்டித் தொங்கவிட்டுப் புவியீர்ப்பின் அளவைக் காணும் மாணவன் என்ன செய்கிறான்? விடை 9.8 என்று அவனுக்கு முன்னமே தெரியும். கணக்கு 9.2 என்று வந்தால் ஊசலை மறுபடியும் ஆட்டிப் பார்க்கிறான், 9.8 என்று வந்தாலோ உடனே கொப்பியை மூடிவிடுகிறான். முதல் விடையைச் சோதித்த அளவுக்கு இரண்டாவது விடையை அவன் சோதிக்கவில்லை. பொய் எதுவும் எழுதவுமில்லை. எனினும், அவனுடைய நம்பிக்கை அவன் கொப்பிக்குள்ளே புகுந்துவிட்டது. பெரிய விஞ்ஞானிகளுக்கும் இதுவே நேர்ந்திருக்கிறது என்பதையே இன்று எடுத்துக் கூற விரும்புகிறோம். அதற்கு உதாரணம் தேடிக் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. நம் காலடியிலேயே அது கிடக்கிறது, நீருக்குள்ளே கிடக்கிறது.

மட்டக்களப்பை மீன்பாடும் தேனாடு என்கிறோம். எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நம் வாவியின் அடியிலிருந்து இராக்காலத்தில் ஓர் இசை எழுகிறது என்பது நம் பாட்டன்மார் அறிந்த செய்தி. அந்த இசையை விஞ்ஞானக் கண்கொண்டு முதன்முதலாக விரிவாக எழுதிவைத்தவர்களுள் ஒருவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் என்னும் பிரித்தானிய அதிகாரி. 1845 தொடக்கம் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர் அவர். 1848ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் மட்டக்களப்புக்கு வந்தபோது தாம் கேட்டதை, 1859இல் வெளியான இலங்கை பற்றிய தமது பெருநூலிலே அவர் குறித்திருக்கிறார். அந்தக் குறிப்பை நம் இளைஞர் ஒவ்வொருவரும் ஒரு தடவையேனும் படித்தல் வேண்டும். எப்படிக் கேட்பது என்பதற்கும், கேட்டதிலிருந்து எப்படி வழுவிப்போவது என்பதற்கும் ஒருங்கே அஃது எடுத்துக்காட்டாக நிற்கிறது.

ரெனன்ற் வள்ளத்தில் ஏறுவதற்கு முன்னரே அவருக்குப் பல செய்திகள் சொல்லப்பட்டிருந்தன. ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிரேயுள்ள துறையின் அயலிலே ஒலி கேட்கும், பூரணையை அண்டிய இரவுகளிலே தெளிவாய்க் கேட்கும், காற்றுத் தானே மீட்டும் யாழின் மெல்லிய நாதம் போலிருக்கும், மீன்தான் பாடுகிறது. இவை ஊரார் கூற்று. பின்பு அவர் மீன்பிடிகாரரை அழைத்து விசாரித்தார். கோடையிலே மட்டுமே ஒலி கேட்கும், மாரி வெள்ளம் வந்து வாவி பெருகினால் நின்றுவிடும் என்று அவர்கள் சொன்னார்கள். மீன் அன்று, ஊரி என்றும் சொன்னார்கள். அழுகின்ற ஊரி என்று பொருள்படும் தமிழ்ப் பெயர் ஒன்றை ரெனன்ற் ஆங்கில எழுத்திலே எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பெயரில் ‘ஊரி’ தெளிவாக இருக்கிறது; அடுத்த சொல் ‘குளிறு’ என்பதாகலாம் என்பது நம் ஊகம். குளிறுதல் என்றால் ஒலித்தல். ஒலிக்கும் ஊரி மொழிபெயர்ப்பிலே அழும் ஊரியாக மாறியிருக்குமாயின், கேட்டதற்கும் எழுதியதற்கும் இடையிலே ஒரு மனம் வேலை செய்ததற்கு அதுவே முதற் சான்று.

அன்றிரவு நிலா எழுந்தபின் மீன்பிடிகாரரோடு அவர் வள்ளத்திலே போனார். காற்றில்லை, துடுப்பு எழுப்பிய அலையன்றி வேறு அலையுமில்லை. குறித்த இடத்தை அடைந்ததும் ஒலி கேட்டது. ஈரவிரலால் கண்ணாடி மதுக்கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் நாதத்துக்கு அதனை அவர் ஒப்பிடுகிறார். நம் மீன்பிடிகாரருக்கு இந்த உவமை தோன்றியிராது. விருந்து மேசையிலே இருந்து பழகிய காது அது. ஆயினும், அடுத்து அவர் செய்தவை பாராட்டத்தக்கவை. ஒரே தொடர்ச்சியான சுரம் அன்று, தனித்தனியே பிரித்தறியத்தக்க எண்ணற்ற சிற்றொலிகள், மந்தமும் தாரமும் கலந்தவை என்று அவர் பகுத்துக் கேட்டார். வள்ளத்தின் மரத்திலே காதை வைத்தபோது ஒலி பெருகியதைக் கண்டார். ஆகவே ஒலி நீருக்குள்ளிருந்தே வருகிறது, கரையிலுள்ள பூச்சிகளின் எதிரொலி அன்று என்று தெளிந்தார். வள்ளத்தை அங்குமிங்கும் செலுத்தியபோது சில இடங்களிலே ஒலி அறவே நின்றதையும், பழைய இடத்துக்கு மீண்டதும் உடனே தொடர்ந்ததையும் குறித்துக்கொண்டார்.

இதுவரை எழுதியது காட்சி. இனி வருவது துணிபு. ஒலி ஓரிடத்திலே நிலைத்திருக்கிறது. எனவே ஒலிப்பது இடம்பெயராத பிராணி. எனவே மீன் அன்று, ஊரி போன்ற ஓட்டுயிரே என்ற முடிவின் பக்கம் அவர் சாய்ந்தார். மீன்பிடிகாரர் கொண்டுவந்து கொடுத்த ஊரி வகைகளும் கையிலே இருந்தன. போதாக்குறைக்கு, ஸ்கொத்லாந்திலே கிராண்ற் என்னும் ஆசிரியர் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்திருந்த ஓடில்லாக் கடல் நத்தையொன்று ஒலி எழுப்பியதாக எழுதிய குறிப்பும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஊரவர் நம்பிக்கையும் புத்தக நம்பிக்கையும் ஒன்றாகச் சேர்ந்து அவரை ஒரே பக்கம் தள்ளின.

நண்பர்களே, இந்த நியாயத்திலே ஒரு பொத்தல் இருக்கிறது. அது எங்கே என்று சற்றுச் சிந்தியுங்கள். மீன் என்றால் ஓடித் திரிவது, ஓரிடத்திலே நில்லாதது என்ற எண்ணத்தை ரெனன்ற் எங்கும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றவுமில்லை. அவ்வளவு இயல்பான நம்பிக்கை அது. ஆயின் அந்த நம்பிக்கை பிழை. அமெரிக்காவின் பசிபிக் கரையிலே ஒருவகைத் தவளைமீன் இருக்கிறது. இனப்பெருக்க காலத்தில் அதன் ஆண் கரையோரக் கற்களின் கீழே கூடமைத்து, இரவிலே அவ்விடத்தை விட்டு அகலாமல் பெண்மீனை அழைத்து மணிக்கணக்காக இரீங்காரம் செய்கிறது. காற்றுப்பையை ஒட்டிய தசைகளை மிக விரைவாகத் துடிக்கச் செய்து இவ்வொலியை எழுப்புகிறது. 1980களிலே சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் சோசலிற்றோ என்னுமிடத்தில் படகுவீடுகளில் வாழ்ந்த மக்கள் இந்த ஒலியால் உறக்கம் கெட்டு, கழிவுநீர் இறைக்கும் இயந்திரமோ, மின்பிறப்பாக்கியோ, படையினரின் இரகசியப் பரிசோதனையோ என்று பலவாறு ஐயுற்றார்கள். இயந்திர உலகத்திலே வாழ்ந்தவர்களுக்கு இயந்திரமே முதலில் நினைவுக்கு வந்தது. கடைசியிலே அது மீன் என்று ஆய்வாளர் காட்டினார்கள். ரெனன்றுக்கு இந்தச் செய்தி தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்திருப்பின், ஒலி நிலைத்து நின்றதும், அருகே நீருக்குள் பாறையிருந்ததும், குறித்த பருவத்திலே மட்டும் கேட்டதும் மீனுக்குச் சாதகமான சான்றுகளாகவே அவருக்குத் தோன்றியிருக்கும். அதே காது, அதே இரவு, அதே குறிப்பு. முடிவு மட்டும் வேறு.

நம் வாவியிலே பாடுவது அந்தத் தவளைமீன்தான் என்று நாம் சொல்ல வரவில்லை. அஃது அந்தக் கரைக்குரியது. 1960களிலே லாங் அடிகளார் என்னும் கத்தோலிக்க குருவின் உதவியோடு இலங்கை வானொலி நம் வாவியின் ஒலியைப் பரப்பியது. ஒலி உண்டென்பது அதனால் உலகறிந்ததாயிற்று. ஆயினும், பாடும் பிராணி இன்னதுதான் என்று கையிலே பிடித்து ஐயமறக் காட்டும் காரியம் இன்னும் எஞ்சியிருக்கிறது. அதனால்தான் இவ்விடயத்தை உங்கள் முன்னிலையிலே எடுத்தோம்.

நம் முன்னோருக்கு இந்த ஆராய்ச்சி புதிதன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரிலே சிவத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பாக அளவையைப் பற்றிப் பேசுகிறார். காட்சி, கருதல், உரை என்னும் மூன்றையும் வகுத்து, காட்சிக்குள்ளேயே ஐயக்காட்சி, திரிவுக்காட்சி என்று குற்றமுடையவற்றையும் பிரித்துக் காட்டுகிறார். மாலை மங்கலிலே தூரத்தில் நிற்பது குற்றியோ மனிதனோ என்று தடுமாறுவது ஐயம். கயிற்றைப் பாம்பென்றே துணிந்துவிடுவது திரிவு. இவ்விரண்டினுள்ளும் திரிவே அபாயமானது. ஐயமுடையவன் இன்னும் ஒருமுறை பார்ப்பான். துணிந்தவனோ பார்க்க மாட்டான். ‘அந்த வழியிலே பாம்பு இருக்கிறது’ என்று முன்னரே கேள்விப்பட்டவன் கயிற்றை மிதித்தால் எதைக் காண்பான் என்று சொல்லவும் வேண்டுமோ?

அப்படிக் கேள்விப்பட்டுக் கண்ட கதையொன்று ஐரோப்பாவிலே நடந்தது. பிரான்சு தேசத்து நான்சி நகரின் பேராசிரியர் புளொந்லோ சிறந்த பௌதிக அறிஞர். எக்ஸ் கதிர்கள் வெளிப்பட்டுச் சில ஆண்டுகளே சென்றிருந்தன. புதிய கதிர்கள் எங்குமிருக்கும் என்ற எதிர்பார்ப்பு நிறைந்திருந்த காலம். 1903இல், தம் நகரின் பெயரால் என் கதிர் என்று ஒன்றை அவர் அறிவித்தார். இருட்டறையிலே மங்கலான ஒளிப்பொறி இம்மியளவு பிரகாசம் கூடுவதைக் கண்ணால் மதிப்பிட வேண்டும், அதுவே சான்று. பிரான்சிலே பலர் கண்டார்கள், கட்டுரைகளும் எழுதினார்கள். வெளிநாடுகளிலே வேறு பலர் எவ்வளவு முயன்றும் காணவில்லை. 1904இல் அமெரிக்க விஞ்ஞானி வூட் என்பவர் நான்சிக்குப் போனார். பரிசோதனை நடந்துகொண்டிருக்கையில், கதிரைப் பிரிப்பதற்கென வைத்திருந்த அலுமினிய அரியத்தை இருட்டிலே மெல்ல எடுத்து ஒளித்துக்கொண்டார். அரியம் போன பின்னும் அங்கிருந்தோர் முன்போலவே அளவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஏமாற்றுக்காரரல்லர். கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும் எல்லையிலே, உள்ளம் தன் பங்கைச் சேர்த்துவிடுகிறது. நள்ளிரவில் வள்ளத்தின் அடியிலிருந்து வரும் மெல்லொலியும் அந்த எல்லையிலே உள்ளதுதான்.

இதைக் கேட்டதும் உங்களிற் சிலர், நம்பிக்கை என்பதையே விட்டொழித்துவிட்டால் விஞ்ஞானம் செழிக்கும் என்று கருதக்கூடும். நாம் அப்படிக் கருதவில்லை. மேலைநாட்டு அறிஞர்கள் தோற்கருவிகளின் இயல்பைக் கணித்தபோது, வட்டமான தோலின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாதவை, ஆகவே பேரிகை வகைகள் தாளத்துக்கு உதவுமேயன்றிச் சுருதிக்கு உதவா என்று கொண்டிருந்தார்கள். ஒரே சீரான தோலைப் பொறுத்தவரை கணிப்புச் சரியானதே. ஆயின், திருச்சிராப்பள்ளியிலே பிறந்து, நம் சங்கீதத்தைக் கேட்டு வளர்ந்த சர். சி. வி. இராமனுக்கு மிருதங்கம் சுருதி சேர்க்கப்படும் கருவி என்பது பாடமாகப் படித்த செய்தியன்று, காதறிந்த செய்தி. வலந்தலையில் இடும் கரணை தோலின் நடுவைக் கனமாக்கி, மேற்சுரங்களை இசைந்த விகிதத்துக்குக் கொண்டுவருகிறது என்பதை அவரும் சிவகாளி குமார் என்பவரும் 1920இல் இங்கிலாந்தின் ‘நேச்சர்’ சஞ்சிகையிலே வெளியிட்டார்கள். மிருதங்கம் கேளாத காது அங்கே ஒரு கேள்வி இருக்கிறதென்றே அறிந்திராது. பற்று அவரைச் சரியான இடத்துக்கு அழைத்துச் சென்றது. அங்கே போனபின் அவர் சான்றாகக் காட்டியது பற்றையன்று, தோலின் அதிர்வை.

கடலைப் பற்றிய ஒரு பழைய நம்பிக்கையையும் இங்கே சொல்லிவிடலாம். பிரான்சு நாட்டுக் கடலறிஞர் கூஸ்தோ 1953இல் வெளியிட்ட நூலுக்கு மௌன உலகம் என்று பெயரிட்டார். அதற்கு முன்பே, இரண்டாம் உலகப் போரிலே பகைவரின் நீர்மூழ்கிகளை ஒலிகொண்டு தேடிய அமெரிக்கர், கடலடியிலே ஓயாத வெடியொலியைக் கேட்டுத் திகைத்திருந்தார்கள். ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சிற்றிறால்கள் அக்கொடுக்கைச் சொடுக்குவதால் எழுந்த ஒலி அது. கொடுக்கின் இரு பாதிகளும் மோதுவதே ஒலிக்குக் காரணம் என்று பின்னரும் நெடுங்காலம் நம்பினார்கள். மோதுவதைக் கண்ணாலே காணலாமன்றோ! 2000ஆம் ஆண்டிலே அதிவேகப் படக்கருவிகொண்டு நோக்கியபோதுதான், விரைந்து பாயும் நீரிலே தோன்றும் குமிழொன்று உடைவதே அவ்வொலி என்பது வெளிப்பட்டது. நம் காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளார், மீன்களை நம்பாமல், ஊரியையும் நம்பாமல், வாவியின் இசையை நீரர மகளிரின் பாடலாகக் கொண்டு கவிதை புனைந்தார். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றவர் அவர். பாடசாலையிலே விஞ்ஞானம் கற்பித்தவர். வாவிக்கரையிலே கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவர். நீரர மகளிர் கவிதையிலே ஆடிப்பாடுவர். 1947இல் வெளியான யாழ்நூலிலே நரம்புகளின் சுருதியை அவர் அளந்ததோ கணக்கைக்கொண்டு. எந்த ஏட்டிலே எதை எழுதுவது என்பதில் அவருக்கு மயக்கம் இருந்ததில்லை.

இனி நம் வேலைக்கு வருவோம். பூரணை இரவிலே மீன் நன்றாகப் பாடும் என்கிறோம். ரெனன்றுக்கும் அதையே சொன்னார்கள். அவரும் நிலாவிலேயே போனார். பயணிகளும் நிலாவிலேயே போகிறார்கள். அமாவாசை இருளிலே இசை கேட்க வள்ளம் எடுப்பவர் யார்? தொழிலுக்குப் போகிறவர்கள் போகிறார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை. பூரணையிலே நூறுபேர் போய் இருபதுபேர் கேட்பதும், அமாவாசையிலே எவருமே போகாமல் எவருமே கேளாதிருப்பதும், ‘பூரணையிலேதான் கேட்கும்’ என்ற ஒரே முடிவைத்தான் தரும். அது உண்மையாகவும் இருக்கலாம்; மீன்களின் இனப்பெருக்கம் பலவகைகளிலே திங்களின் வளர்பிறை தேய்பிறையைத் தழுவி நடப்பது விஞ்ஞானம் அறிந்ததே. ஆயின், இதுவரை நாம் அதைச் சோதிக்கவில்லை, கொண்டாடியிருக்கிறோம்.

இதற்கு மறுதலையான நம்பிக்கையொன்றும் இப்போது பரவியிருக்கிறது. போரோடும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையோடும் மீன்பாட்டு ஓய்ந்துபோயிற்று என்பவர்கள் உளர். அவர்களுடைய துயரத்தை நாம் அறிவோம். இவ்வூரிலே ஓய்ந்துபோனவை பல. எனினும், பாட்டு ஓய்ந்தது என்று நம்புகிறவர் கேட்கப் போக மாட்டார். போகாதவருக்குப் பாட்டு ஓய்ந்தே இருக்கும். இயந்திர வள்ளங்களின் இரைச்சலும் பாலத்து வாகனங்களின் அதிர்வும் இடையிலே நின்று மறைக்கின்றனவா, அல்லது உண்மையிலேயே அந்த உயிர்கள் குறைந்துவிட்டனவா என்பது வாவியின் நலத்தையே தொட்ட கேள்வி. முன்னையதாயின் நள்ளிரவிலே பொறுமையோடு காத்திருந்தால் போதும். பின்னையதாயின் வாவிக்கு நோய் கண்டிருக்கிறது என்று பொருள். எது என்று தெரியாமல் வருந்திக்கொண்டு மட்டும் இருப்பது வாலிபருக்கு அழகன்று.

ஆகையால் சங்க அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓராண்டுக் காலத்துக்கு, திங்களின் எல்லாத் திதிகளிலும், கோடையிலும் மாரியிலும், குறித்த சில இடங்களிலே கேட்டுக் குறிப்பெழுத ஒரு குழு அமையட்டும். எந்த இடத்திலே ஒலி வருமென்று வள்ளக்காரர் அறிந்திருப்பார். கேட்பவருக்கு அதைச் சொல்லாதிருக்கட்டும். இருவர் சேர்ந்து போனால் ஒருவரோடொருவர் பேசாமல் தனித்தனியே எழுதட்டும். கரைக்கு வந்தபின் ஒப்பிடலாம். ஒன்றும் கேட்கவில்லையென்றால் ஒன்றும் கேட்கவில்லை என்றே திகதியோடு எழுதுங்கள். அத்தகைய பக்கங்கள் நிறைந்த கொப்பியே நமக்கு அதிகம் வேண்டும். நீரடி ஒலிவாங்கி கிடைத்தால் நல்லது. பதிவைக் கேட்டு மதிப்பிடுபவருக்கு அது பூரணை இரவினதா அமாவாசை இரவினதா என்பதைச் சொல்ல வேண்டாம். மீன்பிடிகாரரிடம் போகும்போது, ‘மீன் பாடுமா?’ என்று தொடங்காதீர்கள். ‘இராவிலே தண்ணீருக்குள்ளே என்னென்ன சத்தம் கேட்டிருக்கிறீர்கள், அண்ணை?’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லையே, நம் சொல்லாக மாற்றாமல், எழுதிக்கொள்ளுங்கள்.

கருவி இல்லையே என்று காத்திருக்க வேண்டியதில்லை. இயந்திரத்தை நிறுத்தி, வள்ளம் அடங்கும்வரை பொறுத்து, துடுப்பின் அலகை நீரிலே அமிழ்த்தி, பிடியைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டால் போதும். முதற்பக்கத்தை வருகின்ற அமாவாசை இரவிலே எழுதத் தொடங்கலாம்.